மேரிக்கு எழுதிய குணம்

வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஆர்டன்மியர் மாளிகையில் 1794 தொடங்கிவிடும். அதற்குள் எல்லோருக்கும் உரு ஏற்றி முடிக்க வேண்டும் என்பதால் பழைய குதிரை லாயத்தில் உருவேற்றிப் பொறியை இயக்கும் குகதாசன் ஒரு நாற்காலியிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டிருந்தான். ஒரு நாற்காலியில் ஒரு பல் மருத்துவர் பேராயராக மாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீடு விற்கும் தரகர் ஒருவர் கண்ணை மூடியபடி, தான் ஒரு கடற்படைத் தளபதி என்று மெல்ல நம்பத் தொடங்கியிருந்தார்.

"கழுத்தைக் கொஞ்சம் குனியுங்கோ அக்கா. ஒருக்காக் குளிரும்."

வசுமதி கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பிடரியைக் காட்டினாள். உருவேற்றியின் பட்டை அட்டைபோல வந்து ஒட்டிக்கொண்டது.

வரலாற்று விழா என்றால் முன்பெல்லாம் வாடகை உடுப்பும் ஒட்டு மீசையும் மனப்பாடம் செய்த வசனமுமாக இருக்கும். உருவேற்றி வந்தபின் யாரும் நடிப்பதில்லை. கடிதங்கள், நாட்குறிப்புகள், ஓவியங்கள் என்று கிடைத்ததையெல்லாம் தின்று, செத்துப்போன ஒருவரின் உருவை அது திரட்டிவிடும். அணிந்தவரின் சொந்த நினைவைத் தூங்கப் பண்ணிவிட்டு அந்த உருவை எழுப்பி நடமாட விடும். ஞாயிறு மாலை உரு இறங்கிவிடும். நடந்தது மட்டும் நினைவில் நிற்கும், கேள்விப்பட்டதாக இல்லாமல் தனக்கே நடந்ததாக. இங்கிலாந்து முழுவதும் இப்படிப் பழைய மாளிகைகள் விழித்துக்கொண்டிருந்தன.

வசுமதி மாளிகையின் விருந்தினர் பிரிவில் வேலை பார்ப்பவள். நெய்வேலியில் பிறந்தவள். அவளுக்குக் கிடைத்த உரு, அந்நாளில் மாளிகைக்கு எஜமானராக இருந்த சர் எட்மண்டின் குடும்ப ஓவியத்தில் குழந்தைகளுக்குப் பின்னால் பாதி இருட்டில் நிற்கும் ஓர் ஆயா. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்துத் திரும்பிய சர் எட்மண்ட் சென்னையிலிருந்து கூட்டிவந்தவள். கடிதங்களில் அவள் பெயர் மேரி. அது வைத்த பெயர். சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவளைப் பற்றி மொத்தமே சில வரிகள்தாம். ஓவியத்தில் அந்தப் பாதி முகத்தைப் பார்த்த நாளிலிருந்து வசுமதிக்கு அவளை விட மனமில்லை. வேறு எந்த உரு என்றாலும் மறுத்திருப்பாள், மேரிக்காக ஒப்புக்கொண்டாள்.

"இந்த வாரம் கவனம்," என்றார் அடுத்த நாற்காலியிலிருந்து ஹார்க்ரீவ். ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர். சர் எட்மண்டின் உரு அவருக்குத்தான். "என் உரு உங்களை ஏதாவது அதட்டினால் ஞாயிறன்று மன்னிப்புக் கேட்கிறேன். கறிவேப்பிலைக்கு மூன்றாவது கிளை விட்டிருக்கிறது, தெரியுமா?"

வசுமதி சிரித்தாள். அவளுக்காகவே தன் கண்ணாடிக் குடிலில் அந்தச் செடியை இங்கிலாந்துக் குளிரிலிருந்து காப்பாற்றி வளர்க்கும் மனிதர். அவர் சமைத்த ரசத்தைக்கூட அவள் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறாள்.

"மூச்சை இழுத்து விடுங்கோ," என்றான் குகதாசன்.

இழுத்தவள் வசுமதி. விட்டவள் மேரி.

*

சனிக்கிழமை. நவம்பர் மாத வெளிச்சம் பிற்பகலிலேயே வடிந்துபோக, விருந்து மேசையில் மெழுகுவர்த்திகள் ஏற்றியிருந்தார்கள். சாப்பாடு முடியும் தறுவாயில் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். மேரி கொண்டுவந்தாள். சீமாட்டி அதன் நெற்றியில் உதட்டை ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு மேரி போகாமல் நின்றாள்.

"என்ன?" என்றார் சர் எட்மண்ட்.

"ஐயா, என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னீர்கள். வசந்தத்தில் கப்பல் போகிறதாம்."

கரண்டிச் சத்தம் நின்றது. மேரியின் மூக்குக்குள் முந்திரித் தோப்பின் வாசனை நிறைந்திருந்தது. பழம் அழுகிய இனிப்பும் மண் சூடும் கலந்த வாசனை. அது எங்கே, எந்தத் தோப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே போக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

சர் எட்மண்ட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் பயந்து விலகியிருப்பாள்.

"மேரி ஊருக்குப் போகிறாளாம்," என்று மேசைக்கு அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "போகட்டுமே. அதற்குமுன் எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்." குழந்தையை வேறொரு பணிப்பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். மேசை விளக்குத்தண்டிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியைப் பிடுங்கி மேரியின் வெறுங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தாமே மடக்கி மூடினார். மிகப் பதமாக மூடினார். "என் நாற்காலிக்குப் பின்னால் நில். போக விருப்பமில்லை என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். கீழே வைத்துவிடலாம்."

அவள் நின்றாள். பேச்சு வேட்டை நாய்களுக்குத் திரும்பியது. மெழுகு முதலில் விரல் கணுவில் விழுந்து, உறைந்து, அதன்மேல் மறுபடி விழுந்தது. பேராயர் இன்னொரு பேரிக்காய் கேட்டு வாங்கினார். சர் எட்மண்ட் இடையிடையே திரும்பி, நோயாளியைப் பார்ப்பதுபோல அக்கறையாக அவள் முகத்தைப் பார்த்தார். சுடர் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"எனக்குப் போக விருப்பமில்லை, ஐயா."

"கடைசி நாற்காலிக்குக் கேட்கவில்லை."

அவள் உரக்கச் சொன்னாள். மேசை முழுவதும் கைதட்டியது.

மாடியில் குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. மேரி தொட்டிலுக்கு மேலே குனிந்து நின்றாள். சர் எட்மண்டின் அதே நீல விழிகள். வெந்த கையைத் தொங்கவிட்டு, மற்றக் கையால் போர்வையை விலக்கி, குழந்தையின் தொடைச் சதையை இரண்டு விரலில் பற்றித் திருகினாள். அழுகை வேறொரு சுருதிக்கு ஏறியது. இன்னொரு தரம் திருகினாள். நெஞ்சுக்குள் எங்கோ சின்னதாக இனித்தது.

*

ஞாயிறு மாலை இறங்குகூடத்தில் எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் கொடுப்பார்கள். தன் பெயரும் வீட்டு முகவரியும் திரும்ப வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஹார்க்ரீவ் தேநீரைத் தொடவில்லை. வசுமதியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, ஆறடி மனிதர் குலுங்கி அழுதார்.

"அது நான் இல்லை, வசுமதி. என்னை நம்புங்கள். அது அந்த மனிதன்."

"எனக்குத் தெரியும் டாக்டர். அது சர் எட்மண்ட். விடுங்கள்."

மனதாரத்தான் சொன்னாள். ஏனென்றால் அந்தச் சொல் அவளுக்கும் தேவைப்பட்டது. தொட்டிலில் இருந்தது பாவைக்குழந்தை, உயிரில்லாத பொறி என்று அறிவுக்குத் தெரிந்திருந்தது. விரல்களுக்குத்தான் தெரியவில்லை. அது மேரி, அது மேரி என்று வண்டியில் வீட்டுக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டே போனாள். வீட்டில் மகன் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டபோது அவன் கைகளை ஏனோ விலக்கிவிட்டாள்.

மறுநாள் குகதாசன் அவளைப் பணிமனைக்குக் கூப்பிட்டான். மேசைமேல் பாவைக்குழந்தை குப்புறக் கிடந்தது.

"தொடையைப் பாருங்கோ அக்கா. தோல் கன்றிப்போயிருக்கு. மாத்தத்தான் வேணும். விழுந்ததோ?"

வசுமதி அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கிள்ளினது. நான் இல்ல தம்பி. மேரி."

குகதாசன் திருப்புளியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டதுபோல இருந்தது.

"என்ன? சொல்லுங்க."

"இல்லையக்கா... மேரியைப் பற்றி ஆவணத்தில இருக்கிறது கொஞ்சம். ஓமோ? பிள்ளையைப் பார்த்தவ, ஊருக்குப் போகக் கேட்டவ, எட்மண்ட் 'விஷயத்தை முடிச்சு வைச்சார்'. அவ்வளவுதான். எப்பிடி முடிச்சவர் எண்டு எங்கயும் இல்லை. அதுக்குப் பிறகு மேரி என்ன செய்தவ எண்டும் இல்லை."

"சரி. அப்ப மிஷின் எங்கேயிருந்து எடுக்குது?"

"வெறும் இடத்தை அது தானாய் உண்டாக்கேலாது. போட்டிருக்கிற ஆளுக்குள்ள தேடும். அந்த ஆள் அந்த இடத்தில நிண்டால் என்ன செய்யுமோ, அதை எடுத்து உருவுக்குள்ள வைக்கும்."

வசுமதிக்கு முதலில் முந்திரித் தோப்புதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் சைக்கிளில் கடந்து போகும் தோப்பு. இயந்திரத்துக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அவள் வியந்திருந்தாள்.

"அப்ப அந்தத் தோப்பு..."

"உங்கடதான் அக்கா."

"கிள்ளினதும்?"

அவன் பாவையைத் திருப்பிப் போட்டு, துணியால் மூடினான்.

*

வார நடுவில் ஹார்க்ரீவ் களிம்பும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு அவளுடைய அறைக்கு வந்தார். கட்டைப் பிரித்து, குழந்தைகளிடம் பேசிப் பழகிய அந்தத் தணிந்த குரலில் ஏதேதோ பேசிக்கொண்டே மருந்து போட்டார். அவர் விரல்கள் தன் விரல்களை மடக்கியபோது வசுமதிக்கு உடம்பு விறைத்தது. அதே பதம்.

அவள் சொல்லிவிட்டாள். குகதாசன் சொன்னது அத்தனையும்.

ஹார்க்ரீவ் களிம்புப் புட்டியை மூட முயன்றார். மூடி புரியில் உட்காரவில்லை.

"நான் வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவன்."

"நானும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்தான் டாக்டர். மாடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா?" அதையும் சொன்னாள். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தான் வெளியே நிற்க அவளுக்குக் கூசியது.

அவர் முகத்தில் வந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. அது ஆறுதல்.

"அப்படியானால் நீங்களும்!" என்றார். "பார்த்தீர்களா? உங்களைப் போன்ற ஒருவர் அதைச் செய்வாரா? கோளாறு இயந்திரத்தில்தான் இருக்கிறது. நான் நிர்வாகத்திடம் பேசுகிறேன்."

போய்ப் பேசினார். பேராயராக இருந்த பல் மருத்துவரும், கைதட்டிய மற்றவர்களும் காதோடு காதாக விஷயம் அறிந்து பேசினார்கள். பேரிக்காய் கேட்ட நேரத்தில் தன் மனதில் என்ன இருந்தது என்று பல் மருத்துவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். மாளிகையின் நிர்வாகி திருமதி கோல்பெக் வசுமதியைக் கூப்பிட்டனுப்பினாள். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வசுமதி போனாள். ஆனால் கோல்பெக் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இங்கிருந்து வீட்டுக்குப் போகிற எவரும் தன்மேல் சந்தேகத்தோடு போகக் கூடாது. அதனால் வெற்றிடங்களையெல்லாம் மூடப்போகிறோம். நிரப்புரை என்று பெயர். ஆவணம் மௌனமாக இருக்கிற இடங்களில் நாமே எழுதிச் சேர்ப்பது."

"இல்லாததை எப்படி எழுதுவீர்கள்?"

"இல்லாதது இல்லையே. உருவுக்குள் நடந்ததைத்தான் எழுதுகிறோம். டாக்டர் ஹார்க்ரீவ் நேற்றே வந்து சர் எட்மண்டுக்கானதைச் சொல்லிப் பதிவுசெய்துவிட்டார். வேலைக்காரர்களை வதைப்பதில் அந்த மனிதருக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு சுகம் இருந்ததாம். இனி யார் அந்த உருவை அணிந்தாலும், கொடுமை எட்மண்டினுடையது. டாக்டர் எவ்வளவு நிம்மதியாகப் போனார் தெரியுமா? பாவம், தூங்கி நாளாயிற்று என்றார்."

அவள் பதிவுக்கருவியை வசுமதியின் பக்கம் நகர்த்தினாள். "மேரிக்கானதை நீங்கள் சொல்ல வேண்டும். குழந்தை விஷயமும் எங்கள் காதுக்கு வந்தது. தயங்க வேண்டாம். ஒரு வரி போதும். அது அவளுடையதாகிவிடும்."

ஒரு வரி போதும். வசுமதிக்கு அந்த வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேரி, யாரும் பார்க்காதபோது குழந்தையைக் கிள்ளுகிறவள். யார் கேட்கப் போகிறார்கள்? எழுந்து வந்து மறுக்க அந்தப் பெண்ணுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மகனைத் தயக்கமில்லாமல் அணைத்துக்கொள்ளலாம்.

ஓவியத்தின் அந்தப் பாதி முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவளை ஊரிலிருந்து பிடுங்கினார்கள். பெயரைப் பிடுங்கினார்கள். இப்போது இதையும் அவள் தலையில் கட்டுவதா?

"அவள் அந்தக் குழந்தையை ஒருநாளும் நோகச் செய்ததில்லை," என்றாள் வசுமதி. "கிள்ளியது நான்."

கோல்பெக் அவளை ஒரு கணம் வியப்போடு பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அழகாகச் சொன்னீர்கள். குழந்தையிடம் பாசமானவள். இல்லையா?"

"ஆமாம்."

"பொறுமைசாலி?"

"ஆமாம்."

"எவ்வளவு நேர்ந்தாலும் கோபம் வராதவள்?"

வசுமதி யோசித்தாள். கோபத்தை விட்டுவைத்தால் அது எங்கே போய் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல்களுக்குத் தெரியும்.

"கோபம் வராதவள்," என்றாள்.

வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. குற்றத்தைத் தன் பங்குக்குத் தானே சுமந்துகொண்டு, இறந்த பெண்ணை மாசில்லாமல் விட்டுவிட்டதாக நினைத்தாள். அன்று மகன் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

இனி உரு ஏற்றிக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அவள் விருந்தினர் பிரிவோடு நின்றுகொண்டாள்.

*

அடுத்த பருவத்தில் ஆர்டன்மியருக்கு இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. விருந்து மேசைக் காட்சிக்கென்றே ஆட்கள் வந்தார்கள். கொடுமை எட்மண்டினுடையது, சிரிப்பு அவருடைய விருந்தாளிகளுடையது என்று எழுதியே வைத்திருந்ததால் யாருக்கும் உறுத்தல் இல்லை. நன்றாகச் சிரித்துவிட்டு, இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு, அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்று பேசிக்கொண்டே வண்டி ஏறினார்கள். ஹார்க்ரீவ் மட்டும் வரவில்லை. கறிவேப்பிலைச் செடியை ஒரு நாள் தோட்டக்காரரிடம் வசுமதிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மேரியின் உருவுக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். கவின்மலர், கோபிச்செட்டிபாளையத்துக்காரி, மேற்படிப்புக்கு வந்தவள். பார்த்த முதல் நாளே வசுமதியிடம் ஒட்டிக்கொண்டாள். வாய் ஓயாது. பேருந்தில் ஒருவன் உரசினான் என்று அடுத்த நிறுத்தம்வரை அவனைத் திட்டித் தீர்த்ததை நடித்தே காட்டியவள்.

அவளுடைய முதல் ஞாயிறு அன்று வசுமதி இறங்குகூடத்துக்குப் போனாள். கவின்மலர் மூலையில் கையை மடியில் வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கையில் மெழுகு இன்னும் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வசுமதி பக்கத்தில் மண்டியிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். கீழே தோல் சிவந்து கொப்புளித்திருந்தது.

"ஏம்மா உரிக்காம வெச்சிருக்க? வலிக்கலையா?"

"வலிச்சுதுங்க்கா. வலிக்காம இருக்குமா?" குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. "ஆனா ஒண்ணுமே தோணலைங்க்கா. மெழுகுவத்தியக் கையில குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். போக விருப்பமில்லைன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அப்பறம் நன்றிங்க ஐயான்னேன்."

"நன்றியா? அதை யார் சொல்லச் சொன்னா?"

"யாருஞ் சொல்லலைங்க்கா. எனக்கேதான் வந்துது. நெசமாவே நன்றியாத்தான் இருந்துச்சு. மேல போயி பாப்பாவத் தூக்கித் தாலாட்டுனேன். அவ்ளோ பாசங்க்கா அந்தம்மாவுக்கு."

வசுமதியின் கையிலிருந்த துணி நின்றது.

கூடத்தின் மறுகோடியில் இந்த வாரத்து சர் எட்மண்ட், ஏதோ வங்கியில் அதிகாரி, தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். அவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி, நட்பாகச் சிரித்தார். கவின்மலர் பதிலுக்குச் சிரித்தாள். சிரித்தபின், ஏன் சிரித்தோம் என்று புரியாதவள்போல நெற்றியைச் சுருக்கினாள்.

"இப்பத்தான் உரு எறங்கிடுச்சுல்லங்க்கா? நான் நாந்தானுங்களே?"

"நீதாம்மா. எறங்கிடுச்சு."

கவின்மலர் கொப்புளித்த கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"கோபம் வரோணுங்க்கா," என்றாள் மெதுவாக. "அப்போ இருந்து பாத்துட்டே இருக்கேன். வரவே மாட்டேங்குது."